கிட் சர்வரை இணையத்தில் திறப்பது: படிக்கும் வழியும் எழுதும் வழியும்

2021 மார்ச் 28 அன்று, இணையதளங்களை எழுதப் பயன்படும் பிஹெச்பி என்ற நிரல்மொழியின் மூல நிரலில் ஒரு சின்ன கமிட் (பதிவு செய்யப்பட்ட ஒரு மாற்றம்) சேர்ந்தது. எழுத்துப்பிழைத் திருத்தம் என்று அதன் குறிப்பு சொன்னது. எழுதியவர் பெயர் ராஸ்மஸ் லெர்டார்ஃப். அந்த மொழியை உருவாக்கியவரே அவர்தான். உள்ளே இருந்தது திருத்தம் இல்லை, ஒரு பின்வாசல். சர்வருக்கு அனுப்பும் கோரிக்கையில் பிரவுசர்கள் தங்களை அடையாளம் சொல்லிக்கொள்ளும் 'யூசர் ஏஜென்ட்' தலைப்பைப் போலவே, கடைசியில் ஓர் எழுத்து மட்டும் கூடுதலாக வைத்த ஒரு தலைப்பு வந்து, அதன் மதிப்பு 'ஸீரோடியம்' என்று தொடங்கினால், அதற்குப் பின்னால் இருப்பதை எல்லாம் நிரலாக எடுத்து அந்த சர்வரிலேயே இயக்கிவிடும். வேர்ட்பிரஸ் ஓடுவது பிஹெச்பியில்தான், நம் தமிழ் விக்கிப்பீடியா ஓடுவதும் அதில்தான். அந்த வரிகள் யார் கண்ணிலும் படாமல் ஒரு வெளியீடு வரை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நல்லவேளையாக, உள்ளே வரும் ஒவ்வொரு கமிட்டையும் படிக்கும் பழக்கம் அந்தக் குழுவில் இருந்தது. சில மணி நேரத்தில் அதை நீக்கினார்கள். உடனே இன்னொரு கமிட் வந்து அதே வரிகளைத் திரும்பச் சேர்த்தது. இந்த முறை எழுதியவராக இருந்தது அதே குழுவைச் சேர்ந்த நிகிதா போபோவ் பெயர். முதல் கமிட்டை நீக்கியவரே அவர்தான்.

நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளுக்குச் சொந்தமாக ஒரு சர்வர் வைத்து அதைப் பொது இணையத்தில் திறக்க நினைக்கும் யாரும் முதலில் படிக்க வேண்டியது இந்தச் சம்பவத்தை என்று நினைக்கிறேன். பிஹெச்பி குழு பாதுகாப்பைப் பற்றி யோசிக்காத குழு இல்லை. அவர்கள் கிட் சர்வரில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து மறையாக்கத்தோடு நுழையும் வழி) மூலம் புஷ் செய்வதை, அதாவது மாற்றங்களை அனுப்பிச் சேர்ப்பதை, கிட்டோலைட் என்ற மென்பொருள் காவல் காத்தது. யார் எந்த ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) எழுதலாம் என்பதை ஒவ்வொருவருடைய பொது கீயையும் (சாவி இணையில் சர்வரிடம் கொடுத்து வைக்கும் பாதியை) வைத்து அது முடிவு செய்யும். யார் எப்போது புஷ் செய்தார்கள் என்றும் பதிவு வைக்கும். போபோவ் அந்தப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். அக்கம்பக்கத்தில் இருந்த எல்லா கமிட்டுகளுக்கும் கணக்கு இருந்தது, இந்த இரண்டுக்கு மட்டும் இல்லை. கிட்டோலைட்டைத் தொடாமலே அவை உள்ளே வந்திருந்தன. அதனால் சர்வரே பறிபோய்விட்டது என்று முடிவு செய்து, குழு தன் வேலையை, கிட் ரெப்போக்களை வைத்துக் கொடுக்கும் கிட்ஹப் தளத்துக்கு மாற்றிக்கொண்டது.

சில நாள் கழித்துத் தெரிந்த விஷயம் வேறு. அந்த சர்வரில் எழுதுவதற்கு இன்னொரு வழியும் இருந்தது: சாதாரண இணையதளங்கள் பயன்படுத்தும் ஹெச்டிடிபிஎஸ். அதற்கும் கிட்டோலைட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அப்பாச்சி வெப் சர்வர் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அதைப் பிஹெச்பியின் பழைய பயனர் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அந்த ஒப்பீடு நடக்க வேண்டும் என்பதற்காகக் கடவுச்சொற்கள் எம்டி5 என்ற பலவீனமான வடிவத்தில் சேமிக்கப்பட்டிருந்தன. தரவுத்தளம் இருந்த இயந்திரமும் மிகப் பழைய இயங்குதளத்தில், பழைய பிஹெச்பியில் ஓடியது. தாக்கியவர் சில பயனர் பெயர்களை மட்டும் முயன்று பார்த்தார். சரியான பெயர் கிடைத்ததும் நேராக உள்ளே போய்விட்டார். தரவுத்தளம் ஏற்கெனவே கசிந்திருக்கலாம் என்பது குழுவின் ஊகம். அப்படி ஒரு ஹெச்டிடிபிஎஸ் வழி இருந்தது போபோவுக்கே அதுவரை தெரியாது. இதை அவரே வெளிப்படையாக எழுதினார், அந்த நேர்மைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

முன்வாசலில் நல்ல பூட்டும், யாரும் நினைவில் வைக்காத கொல்லைப்புறத்தில் வெறும் தாழ்ப்பாளும் போட்ட வீடு அது. கிட் இந்த நிலைமையை எவ்வளவு எளிதாக உண்டாக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கிட்டோடு வரும் ஹெச்டிடிபி நிரலில், அடையாளம் தெரியாதவர்கள் புஷ் செய்வது இயல்பாகவே மூடப்பட்டிருக்கும். ஆனால் வெப் சர்வர் ஒருவரைக் கடவுச்சொல் கேட்டு உள்ளே விட்டுவிட்டால், அவருக்குப் புஷ் செய்யும் உரிமையும் இயல்பாகவே திறந்துகொள்ளும். 'படிப்பவர்களுக்கும் ஒரு கடவுச்சொல் வைப்போம்' என்று நல்ல எண்ணத்தில் நான்கு வரி சேர்ப்பவர், எழுதும் வழி ஒன்றையும் சேர்த்தே திறக்கிறார். இதைத் தனியாக அணைக்க ஓர் அமைப்பு இருக்கிறது. பலர் அந்தப் பக்கம் போவதே இல்லை.

ஒரு விளக்கம் இங்கே தேவைப்படுகிறது. கமிட்டில் இருக்கும் பெயர் வெறும் எழுத்து. உங்கள் கணினியில் என் பெயரையும் மின்னஞ்சலையும் அமைப்பில் எழுதிக்கொண்டால், அப்புறம் நீங்கள் செய்யும் கமிட் எல்லாம் என் பெயரில்தான் பதியும். சர்வர் சரிபார்ப்பது புஷ் செய்கிறவரை. கமிட்டை எழுதியவரை இல்லை. இரண்டும் ஒன்று என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். லெர்டார்ஃப் பெயரில் கமிட் வந்ததும் முதலில் அவருடைய கணக்கைத்தான் முடக்கினார்கள். உண்மையில் எழுதும் உரிமை உள்ள எந்தக் கணக்கு வழியாகவும் அந்தப் பெயரைப் போட்டு அனுப்பியிருக்க முடியும். கமிட்டில் கையொப்பம் இடும் வசதி கிட்டில் இருப்பது இதற்காகத்தான். முதலில் ஜிபிஜி என்ற கையொப்ப மென்பொருள் மட்டும் இருந்தது, இப்போது எஸ்எஸ்ஹெச் கீயாலேயே கையொப்பம் இடலாம்.

சரி, அப்படியானால் சர்வரை எப்படித் திறப்பது? என் கருத்து ஒன்றுதான்: படிக்கும் வழியையும் எழுதும் வழியையும் பிரித்துவிடுங்கள். இரண்டும் ஒரே மென்பொருளில், ஒரே இயந்திரத்தில், ஒரே முகவரியில் இருப்பது வசதிதான். ஆனால் உலகம் முழுக்க வந்து படிக்க வேண்டிய இடமும், பத்துப் பேர் மட்டும் எழுத வேண்டிய இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

லினக்ஸ் இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னலுக்குத் தாய்வீடு கெர்னல் டாட் ஆர்க். அது இதைக் கடினமான வழியில் கற்றுக்கொண்டது. 2011 ஆகஸ்ட் 28 அன்று, 'ஹீரா' என்ற அவர்களுடைய சர்வரில் ஊடுருவியவர்கள் ரூட் அதிகாரம் (இயந்திரத்தின் முழு அதிகாரம்) வரை போய்விட்டதைக் கண்டுபிடித்தார்கள். யாரோ ஒரு பயனரின் கணக்கு விவரம் திருடப்பட்டு, அதன் வழியாக நுழைந்திருக்கலாம் என்று அறிவித்தார்கள். எஸ்எஸ்ஹெச் மென்பொருளின் கோப்புகளே மாற்றப்பட்டிருந்தன. அன்றைக்கு நானூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த இயந்திரங்களில் கணக்கு இருந்தது. தளம் வாரக்கணக்கில் இருண்டு கிடந்தது. கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் 3.1 பதிப்பின் சோதனை வெளியீட்டை கிட்ஹப்பில் வைத்துத்தான் வெளியிட வேண்டியிருந்தது.

கெர்னலின் வரலாறு மட்டும் பிழைத்தது. கிட்டில் ஒவ்வொரு கமிட்டின் பெயரும் அதன் உள்ளடக்கத்திலிருந்தும் அதற்கு முந்தைய கமிட்டின் பெயரிலிருந்தும் கணக்கிடப்படுகிறது. நடுவில் ஒரு வரியை மாற்றினால் அதற்குப் பின் வரும் எல்லாப் பெயர்களும் மாறிவிடும். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கும் பிரதிகளோடு அது பொருந்தாது. அடுத்த முறை யாராவது புது மாற்றங்களை இழுக்கும்போதே குட்டு உடைந்துவிடும். இந்தப் பாதுகாப்பின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். பழையதைத் திருத்தினால்தான் அது காட்டிக்கொடுக்கும். பழையதை அப்படியே விட்டுவிட்டு, மேலே புதிதாக ஒரு கமிட்டை வைத்தால் கணக்கு சரியாகவே இருக்கும். பிஹெச்பியில் நடந்தது அதுதான்.

தளம் திரும்ப வந்தபோது ஏற்பாடு மாறியிருந்தது. இயந்திரத்தில் நேரடியாகக் கட்டளையிட விடும் ஷெல் கணக்குகள் போய், கிட்டோலைட் வந்தது. அதை எழுதிய சீதாராம் சாமர்த்தி ஓர் இந்தியர் என்பதைச் சொல்லும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. உலகின் மிக முக்கியமான மூல நிரல்களில் ஒன்றின் வாசலில் அவர் எழுதிய நிரல் நிற்கிறது. இன்று கெர்னல் டாட் ஆர்க்கில் பராமரிப்பாளர்கள் புஷ் செய்யும் முகவரி தனி, உலகம் வந்து க்ளோன் செய்யும் (முழு நகல் எடுக்கும்) முகவரி தனி. எழுதும் சர்வரிலிருந்து படிக்கும் சர்வர்களுக்கு நகல்கள் போய்ச் சேரும். படிக்கும் சர்வர் ஒன்று பறிபோனாலும் அங்கே கிடைப்பது நகல்தான். மூலம் வேறு இடத்தில் இருக்கிறது, சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்த ஒப்பீடு எவ்வளவு உதவும் என்பதற்கு அதே கெர்னலில் இன்னும் பழைய சாட்சி உண்டு. 2003 நவம்பரில் கெர்னலின் மூலம், கிட்டுக்கு முன் இதே வேலையைச் செய்த பிட்கீப்பர் என்ற மென்பொருளில் இருந்தது. சிவிஎஸ் என்ற இன்னொரு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்காக ஒரு நகலும் இருந்தது. அந்த நகலில் மட்டும் யாரோ இரண்டு வரிகளைச் சேர்த்திருந்தார்கள். பயனர் எண் பூஜ்யமா என்று ஒப்பிட வேண்டிய இடத்தில், இரண்டு சமக் குறிகளுக்குப் பதில் ஒன்றே இருந்தது. அந்த வரி ஒப்பிடாமல், பயனருக்குப் பூஜ்யத்தைக் கொடுத்துவிடும். பூஜ்யம் என்றால் ரூட். மூலத்தோடு நகல் பொருந்தவில்லை என்பதால்தான் மாட்டிக்கொண்டது. மூலத்துக்கு அது போகவே இல்லை.

இதைச் சின்ன அளவில் செய்வது கடினம் இல்லை. எழுதுவதற்கான கிட் சர்வர் ஒயர்கார்ட் போன்ற ஒரு விபிஎன்னுக்குள் (வெளியாட்கள் நுழைய முடியாத தனி வலைக்குள்) இருக்கட்டும். வெளியே ஒரு சிறிய வாடகை சர்வர். உள்ளேயிருந்து அதற்குப் புஷ் ஆகும், வெளியிலிருந்து உள்ளே போக வழியே இருக்காது. அந்த வெளி சர்வரில் ஹெச்டிடிபிஎஸ் மட்டும் உலகத்துக்கு, அதுவும் படிக்க மட்டும். நகலை அனுப்பும் எஸ்எஸ்ஹெச்சை உங்கள் உள் சர்வரின் முகவரிக்கு மட்டும் திறந்து வையுங்கள். 9418 போர்ட்டில் ஓடும் கிட்டின் பழைய நெறிமுறையை இனித் தொட வேண்டாம். அதில் மறையாக்கமும் இல்லை, அடையாளச் சோதனையும் இல்லை. கிட்ஹப்பே அதை 2022 மார்ச்சில் நிறுத்திவிட்டது.

எழுதும் எஸ்எஸ்ஹெச் வழியும் வெளியே இருந்தாக வேண்டும் என்ற நிலை பலருக்கு உண்டு. வெவ்வேறு ஊர்களிலிருந்து பங்களிப்பவர்கள் எல்லோரையும் விபிஎன்னுக்குள் கூட்டி வர முடியாது. அப்போது கடவுச்சொல்லால் நுழைவதை முழுதாக அணையுங்கள், ரூட் நுழைவையும் அணையுங்கள். கிட்டுக்கென்று ஒரே ஒரு பயனர். அந்தப் பயனருக்கு ஷெல் கிடையாது. இதற்காகவே கிட்டோடு 'கிட்-ஷெல்' என்ற ஒன்று வருகிறது. க்ளோன், புஷ் தவிர வேறு கட்டளைகளை அது ஏற்காது. அது போதும் என்றுதான் வெகுகாலம் எல்லோரும் நினைத்தார்கள். 2017 மே மாதம் அதிலும் ஓர் ஓட்டை வெளியே வந்தது. அனுமதிக்கப்பட்ட கட்டளையோடு உதவிப் பக்கத்தைக் கேட்டால், அது பக்கம் பக்கமாகக் காட்டும் நிரலில் திறக்கும்; அங்கிருந்து கோப்புகளைப் படிக்கலாம், ஷெல்லுக்கும் போகலாம். ஆனால் கீ கோப்பில் ஒவ்வொரு கீக்கும் முன்னால் 'டெர்மினல் கொடுக்காதே' என்ற கட்டுப்பாட்டைப் போட்டிருந்தவர்களிடம் இந்த வித்தை எடுபடவில்லை. கிட்டோலைட் அந்த வரியை முதலிலிருந்தே தானாகப் போட்டு வந்தது. இப்போதைய ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற ஒரே சொல்லில் டெர்மினல், போர்ட் திருப்பிவிடல் எல்லாவற்றையும் மூடிவிடலாம். ஒரு சொல்தான், போட்டுவிடுங்கள்.

இனி வெப் இடைமுகம். என் கவலை இதைப் பற்றித்தான் அதிகம். கிட் தன்னளவில் சிறியது, அதன் தாக்குதல் பரப்பும் சிறியது. அதன் மேல் கிட்லேப், கிட்டீ, ஃபோர்ஜேஜோ போன்ற ஒன்றை வைத்தவுடன், படம் ஏற்றுவது, மின்னஞ்சல் அனுப்புவது, கடவுச்சொல்லை மாற்றித் தருவது, வெளி முகவரிகளுக்குச் செய்தி அனுப்புவது என்று அறுபது வேலை செய்யும் ஒரு பெரிய வெப் செயலியை இணையத்தில் வைக்கிறீர்கள். கிட்லேப்பில் 2021 ஏப்ரலில் மூடப்பட்ட ஓட்டை, ஏற்றப்படும் படத்தின் உள்விவரங்களைப் படிக்கும் எக்ஸிஃப்டூல் என்ற துணை நிரலில் இருந்தது. கணக்கே இல்லாத ஒருவர் ஒரு படக் கோப்பை அனுப்பி சர்வரில் கட்டளை இயக்கலாம். அதே ஆண்டு நவம்பரில் ரேபிட்7 நிறுவனம் பார்த்தபோது, இணையத்தில் தெரிந்த சுமார் 60,000 கிட்லேப் சர்வர்களில் ஏறக்குறைய பாதி அப்போதும் புதுப்பிக்கப்படாமல் கிடந்தன. ஏழு மாதம்! 2024 ஜனவரியில் இன்னொன்று: கடவுச்சொல்லை மாற்றும் மின்னஞ்சலை, சரிபார்க்கப்படாத வேறொரு முகவரிக்கும் சேர்த்து வரவழைக்கலாம். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வைத்திருந்தவர்களின் கணக்கு மட்டும் கைமாறவில்லை.

கோக்ஸ் என்ற சிறிய கிட் சர்வரின் கதை இன்னும் வருத்தமானது. 2025 டிசம்பரில் விஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இணையத்தில் தெரிந்த சுமார் 1,400 கோக்ஸ் சர்வர்களில் 700க்கும் மேற்பட்டவை ஏற்கெனவே தாக்கப்பட்டிருப்பதாக எழுதினார்கள். ஓட்டைக்கு அப்போது திருத்தமே வந்திருக்கவில்லை. ஆனால் அதைப் பயன்படுத்த ஒரு கணக்கும் ஒரு ரெப்போ உருவாக்கும் உரிமையும் வேண்டும். புதியவர்கள் தாமாகவே கணக்குத் தொடங்கும் வசதி அதில் இயல்பாகத் திறந்திருந்தது. நான்கு பேர் வேலை செய்யும் ஒரு குழுவின் சர்வரில் உலகமே கணக்குத் தொடங்கலாம் என்று யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை, வந்தபடியே விட்டுவிட்டார்கள். பதிவு வசதியை மூடியிருந்தால், திருத்தம் வராத ஓட்டை இருந்தும் அந்நியர்களால் அதைத் தொட்டிருக்க முடியாது. நிறுவி முடித்த நிமிடமே செய்ய வேண்டிய வேலை அது. கிட்டீ, ஃபோர்ஜேஜோவில் உள்நுழையாதவர்களுக்கு எதையும் காட்டாதே என்ற அமைப்பும் இருக்கிறது. பொதுவில் படிக்க வைக்கும் நகல் தனியாக இருந்தால் அதையும் போட்டுவிடலாம்.

'என் சர்வரின் முகவரி யாருக்குத் தெரியப்போகிறது' என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட்டில் வாங்கிய நொடியே, அந்தத் துணைக்களப் பெயர் சான்றிதழ் வெளிப்படைப் பதிவேட்டில் ஏறிவிடும். அது யாரும் படிக்கக்கூடிய பொது ஆவணம். புதுப் பெயர் வந்ததும் தட்டிப் பார்க்கும் நிரல்கள் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. பெயருக்கு முன்னால் 'கிட்' என்று இருந்தால் இன்னும் சௌகரியம். நிறுவும் பக்கம் முடிக்கப்படாமல் திறந்து கிடக்கும்போது யாராவது வந்துவிட்டால், நிர்வாகியாகத் தன்னையே பதிந்துகொண்டு போய்விடுவார்கள். அதனால் முதலில் உள் வலையில் நிறுவி முடித்து, அப்புறம் வெளியே திறப்பதே சரியான வரிசை.

தீய எண்ணம் இல்லாத வருகையாலும் சர்வர் விழும். ஒரு ரெப்போவில் பத்தாயிரம் கமிட், ஆயிரம் கோப்பு என்றால், ஒவ்வொரு கமிட்டிலும் ஒவ்வொரு கோப்பின் நிலை, ஒவ்வொரு வரியையும் எழுதியவர் யார் என்ற பக்கம் என்று வெப் இடைமுகம் கோடிக்கணக்கான முகவரிகளைக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் கிட் உண்மையாகவே கணக்குப் போட வேண்டும். செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் சேகரிப்பு நிரல்கள் இவற்றை ஒன்றுவிடாமல் இழுக்கத் தொடங்கியதால், நோம், கேடிஈ போன்ற திறந்த மூலத் திட்டங்களின் கிட்லேப் தளங்கள் 2025இல் திணறின. 2025 ஜனவரியில் ஸீ யாஸோ என்ற நிரலாளர் தன் சொந்த கிட் சர்வர் அப்படி நசுங்கியதால்தான் அனுபிஸ் என்ற தடுப்பு மென்பொருளை எழுதினார். உள்ளே விடும் முன் பிரவுசரை ஒரு சின்னக் கணக்குப் போட வைக்கும். அது இல்லாமலும் ஓரளவு சமாளிக்கலாம். வரி வரியாக எழுதியவரைக் காட்டும் பக்கத்தையும், ரெப்போவைச் சுருக்கிக் கோப்பாகத் தரும் வசதியையும் உள்நுழையாதவர்களுக்கு மூடுங்கள். க்ளோன் செய்ய வேண்டியவர் க்ளோன் செய்துகொள்வார்.

மூடிய ரெப்போ என்பதால் உள்ளே எதை வைத்தாலும் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. 2016இல் ஊபர் நிறுவனத்தின் தனிப்பட்ட கிட்ஹப் ரெப்போவுக்குள் நுழைந்தவர்கள் அங்கே அமேசான் கிளவுடின் கீயைக் கண்டார்கள். அதை வைத்துக்கொண்டு 5.7 கோடிப் பேரின் விவரங்களை எடுத்துப் போனார்கள். சர்வரை வெளியே திறக்கும் முன், பழைய கமிட்டுகளில் கடவுச்சொல், கீ ஏதாவது இருக்கிறதா என்று ட்ரஃபிள்ஹாக், கிட்லீக்ஸ் போன்ற கருவியால் முழு வரலாற்றையும் ஒருமுறை அலசுங்கள். அகப்பட்டதைக் கோப்பிலிருந்து அழித்தால் போதாது, வரலாற்றில் அது இருக்கும். அந்தக் கீயையே செல்லாததாக்கிப் புதிது எடுப்பதுதான் தீர்வு.

தானாக நிரலைக் கட்டிச் சோதிக்கும் ரன்னர்களை கிட் சர்வர் இருக்கும் அதே இயந்திரத்தில் வைக்கவே கூடாது. அந்நியர் அனுப்பும் மாற்றத்தைச் சோதிப்பது என்றால், அந்நியரின் நிரலை உங்கள் இயந்திரத்தில் ஓட்டுவது என்றுதான் பொருள்.

கடைசியாகக் காப்புப் பிரதி. கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் சப்வெர்ஷன், கிட் ரெப்போக்களை மற்றவர்களுக்காகப் பராமரித்துக் கொடுத்தது. 2014 ஜூனில் ஒருவர் அவர்களுடைய அமேசான் கிளவுட் நிர்வாகப் பலகைக்குள் புகுந்து பணம் கேட்டார். அவர்கள் அணுகலைத் திரும்பப் பிடிக்க முயன்றபோது, கையில் கிடைத்ததை எல்லாம் அழித்தார். காப்புப் பிரதிகளும் அதே கணக்கில்தான் இருந்தன, பெரும்பகுதி போய்விட்டது. நிறுவனம் அத்தோடு மூடப்பட்டது. கிட்டில் ஒவ்வொரு க்ளோனும் ஒரு காப்புப் பிரதி என்று சொல்வார்கள், நிரலைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மை. ஆனால் பிரச்சினைப் பட்டியல், விவாதங்கள், அனுமதிகள், பயனர் கணக்குகள் எதுவும் க்ளோனில் வராது. சர்வரில் இருக்கும் ரெப்போக்கள் கிளைகளின் (நிரலின் தனித்தனி வளர்ச்சிப் பாதைகளின்) பழைய நிலையைக் குறித்து வைக்கும் பதிவேட்டையும் இயல்பாக வைத்திருப்பதில்லை. யாராவது வலுக்கட்டாயமாகப் புஷ் செய்து கிளையை மாற்றினால், முன்பு எங்கே இருந்தது என்று தேடுவது கஷ்டம். அந்தப் பதிவேட்டை இயக்கி வையுங்கள், முக்கியக் கிளைகளில் வலுக்கட்டாயப் புஷ்ஷையும் கிளை நீக்கத்தையும் மறுத்துவிடுங்கள். காப்புப் பிரதியைக் கிட் சர்வர் வெளியே அனுப்பும்படி வைக்காமல், வேறு கணக்கில் இருக்கும் வேறொரு இயந்திரம் வந்து இழுத்துக்கொள்ளும்படி வையுங்கள். அப்போது கிட் சர்வரைப் பிடித்தவர் கையில் அந்தப் பிரதியை அழிக்கும் சாவி இருக்காது. பிறகு, வெளி முகவரியை யாருக்கும் கொடுக்கும் முன்பே, அந்தப் பிரதியிலிருந்து ஒரு வெற்று இயந்திரத்தில் சர்வரை முழுதாக எழுப்பிப் பாருங்கள்.